நாலு விரற்கடை உயரம்

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மின்னூர்தி இயல்புநிலைப் பேணல் அலுவலகத்தின் இணை ஒழுங்கமைப்பாளர் குற்றாலீஸ்வரன். அவருக்கு அளவெடுத்துக் கொடுக்கும் தொழில்நுட்ப உதவியாளர் ஷாரோன். கணினிக்கு முன்னால் முஹ்ஸினா. மேலகரத்தில் சைக்கிளும் பேட்டரி வண்டியும் பழுது பார்க்கும் ஏசுதாசன். ஐந்தாவது ஆள், வடகரை மாடன் மகன் சிவசைலம், ஓய்வுபெற்ற ஏட்டு. இவர்களைத் தவிர இரண்டு வண்டிகள் இருந்தன. பஜ்ஜி கொண்டுவந்தவர் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வண்டியை மாடிக்குத் தூக்கி வந்த சுமைக்காரர்கள் இருவரும் அப்போதே கீழே இறங்கிவிட்டார்கள். சுரண்டை ரத்தினம் அங்கே இல்லை. அந்தக் கட்டடம் இருக்கும் தெருவுக்கே அவர் வரவில்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது.

சிவசைலத்துக்கு அறுபத்தெட்டு வயது. முப்பத்திரண்டு வருடம் காக்கி போட்ட முதுகு. காக்கியைக் கழற்றிய பிறகும் அது அப்படியேதான் நின்றது. நாற்காலியில் உட்கார்ந்தால் சாய மாட்டார். சாப்பிடும்போது சோறு வாய்க்கு வரும், வாய் சோற்றுக்குப் போகாது. மேலகரத்தில் வீடு. தினமும் விடிந்ததும் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, வரும் வழியில் காய்கறி வாங்கி வருவார். அதற்காக இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பேட்டரி வண்டி வாங்கினார்.

அந்த வண்டியைச் செய்தவன் யாரோ, மனிதனை மடித்து வைப்பதற்கென்றே செய்திருந்தான். ஹேண்டில் அவ்வளவு தாழ்வு. பிடித்தால் முதுகு தானாக வளைந்து தலை முன்னால் போகும். முதல் வாரத்திலேயே விபரீதம் தொடங்கியது. மேலகரத்திலிருந்து குற்றாலம் வரை எதிரே வந்தவர்கள் எல்லாரும் ஏட்டையா தங்களைக் கும்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். சிலர் திருப்பிக் கும்பிட்டார்கள். அவர் கையாலேயே மூன்று முறை லாக்கப்பில் போடப்பட்ட ஒரு தேங்காய்த் திருடன், பெட்டிக்கடை வாசலில் நின்றபடி, "நல்லாருங்க ஏட்டையா" என்று ஆசீர்வாதம் செய்து அனுப்பினான்.

வீட்டுக்கு வந்து மனைவி உலகம்மையிடம் சொன்னார்.

"கொஞ்சம் குனிஞ்சா என்ன? முதுகு ஒடிஞ்சா போயிரும்?" என்றாள் உலகம்மை.

"ஒடியாது. பழகிரும்" என்றார் சிவசைலம்.

மறுநாள் வண்டியை ஏசுதாசனிடம் கொண்டுபோனார். ஏசுதாசன் ஹேண்டிலுக்கு அடியில் ஓர் இரும்புக் குழாயை வைத்து நாலு விரற்கடை உயர்த்தினார். உயர்த்தியதும் பிரேக் கேபிள் எட்டவில்லை, நீளமான கேபிள் போட்டார். ஆக்சிலேட்டர் ஒயரும் எட்டவில்லை. அதை வெட்டி, இடையில் ஒயர் சேர்த்துப் பற்றவைத்து, ரப்பர் உறை மாட்டிச் சூடு காட்டி இறுக்கினார்.

"இனிமே பாருங்க ஏட்டையா. குதிரை மேல உக்காந்த மாதிரி இருக்கும்."

"குதிரை வேண்டாம் ஏசுதாசா. ஆள் மாதிரி உக்காந்தாப் போதும்."

அன்றிலிருந்து வண்டியைத் துப்பாக்கியைப் பராமரித்தது போலப் பராமரித்தார். சாரல் காலத்தில் குற்றாலச் சாலையில் தண்ணீர் மேலிருந்து மட்டுமா வருகிறது, சக்கரத்திலிருந்தும் அடிக்கிறது. மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டி நனையாமல் இருக்க முன்சக்கர மட்கார்டின் அடியில் பழைய லாரி டியூபை வெட்டித் தொங்கவிட்டார். வீட்டுக்கு வந்ததும் துடைப்பார். பேட்டரி சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ் போடுவார், நிறைவதற்கு முன்பே எடுத்துவிடுவார். மாதம் ஒரு முறை ஒயர் மூட்டுகளில் வாசலின் தடவுவார். வெள்ளிக்கிழமைதோறும் காற்று. இரண்டு வருடத்தில் வண்டி ஒரு நாளும் வழியில் நிற்கவில்லை. அதுதான் பின்னால் பெரிய குற்றமாகியது.

மின்னூர்தி இயல்புநிலைப் பேணல் அலுவலகம் எதற்காகத் தோன்றியது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் திறந்தார்கள். திறந்த அன்று சால்வைகள் நிறைய வந்தன. பேட்டரி வண்டிகளை விற்ற நிலையிலேயே வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பது அதன் கடமை என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஆனி மாதக் கடைசியில் குற்றாலச் சாலையில் முகாம் போட்டு, போகிற வண்டியையெல்லாம் நிறுத்தி நாடாவால் அளந்தார்கள். சிவசைலத்தின் வண்டி ஹேண்டில் புத்தகத்தில் நூற்றிரண்டு சென்டிமீட்டர். நாடாவில் நூற்றுப்பத்து. மூன்றாம் நாள், பஸ் நிலையத்துக்கு எதிரே, அலுவலகத்தின் வெள்ளைப் பலகையில் அவர் பெயர் ஏறியது. 'ஊர்தியின் இயல்பைக் கெடுத்தோர்' என்று தலைப்பு. கீழே, 'சிவசைலம், த/பெ மாடன், வடகரை.' பக்கத்தில் ஒரு புகைப்படம், முதுகுப் பக்கமாக எடுத்தது.

த/பெ மாடன் என்ற எழுத்துகளிலேயே அவர் கண் நின்றது. அப்பா பெயர் அதுவரை இரண்டு இடங்களில்தான் எழுதப்பட்டிருந்தது. ஒன்று பட்டா. இன்னொன்று வடகரையில் அவர்கள் குடும்பத்துச் சுடலைமாடன் கோவிலின் கல்.

அந்தக் கோவிலில் ஆடிக் கொடைத் திருவிழாவில் முதல் பரிவட்டம் மாடன் வழிக்குத்தான். பூசாரி பட்டுத்துணியைத் தலையில் கட்டி, திருநீறு பூசிய பிறகுதான் மற்றவர்களுக்குத் திருநீறு. ஆனால் அந்தக் கோவிலுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பெயர் பலகையில் ஏறியவனுக்கு அந்த வருடம் பரிவட்டம் கிடையாது, அடுத்த பங்காளிக்குப் போய்விடும். கட்டுப்பாட்டைப் போட்டவரே அப்பா மாடன்தான். தன் தம்பி ஒருமுறை ராத்திரியோடு ராத்திரியாக மடைத் தண்ணீரைத் திருப்பி, காவல் நிலையப் பலகையில் பெயர் வந்தபோது போட்டது. அந்தத் தம்பியின் மகன் சுரண்டை ரத்தினம். அடுத்த பங்காளியும் அவர்தான்.

அன்று மாலையே ரத்தினம் போன் செய்தார்.

"அண்ணே, பலகையில போட்டோ நல்லா விழுந்திருக்கு. முதுகுதான் தெரியுது. ஆனாலும் பாத்த ஒடனே நம்ம அண்ணன்னு கண்டுக்கிட்டேன்."

"வேற என்ன சோலி?"

"ஒண்ணுமில்ல. பட்டுத்துணி பழசாயிட்டுல்லா. என் தலை அளவுக்குப் புதுசு எடுக்கவான்னு கேக்கத்தான்."

கொடை வெள்ளிக்கிழமை. விசாரணைக்கு அலுவலகம் கொடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. வண்டி நேரில் ஆஜராக வேண்டும் என்று அறிவிப்பில் இருந்தது. அலுவலகமோ மாடியில். சறுக்குப் பலகை வைக்க ஜவுளிக்கடைக்காரர் விடவில்லை. பேட்டரியைக் கழற்றி ஏசுதாசன் தோளில் வைத்துக்கொள்ள, இரண்டு சுமைக்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு இருபத்தாறு படி ஏறினார்கள்.

மேலே போனதும் முஹ்ஸினா ஒரு டோக்கனை எடுத்து வண்டியின் கண்ணாடியில் மாட்டினார்.

"எனக்கு?" என்று கேட்டார் சிவசைலம்.

"டோக்கன் வண்டிக்குத்தான் ஐயா. கம்ப்யூட்டர்ல வண்டிதான் மனுதாரர். நீங்க இணைப்பு ஒண்ணு. மெக்கானிக் இணைப்பு ரெண்டு."

"இணைப்பு உக்காரலாமா?"

"நாற்காலி மனுதாரருக்குத்தான் ஐயா" என்று அவர் கூச்சத்தோடு சொன்னார். வண்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தது.

அறையில் ஒரு நாற்றம். முதலில் ஊதுபத்தி என்று தோன்றும். பிறகு ஊதுபத்திக்குப் பின்னால் இன்னொன்று வரும். அறை நடுவில் ஒரு மரப் பீடம், பீடத்தின் மேல் ஒரு பேட்டரி வண்டி. சிவசைலத்தின் வண்டியும் அதுவும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். அதற்குக் குங்குமம் வைத்து, போன வாரத்து மாலையைப் போட்டிருந்தார்கள். பூ அழுகி, சாறு முன்பலகை மேல் கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. சீட் பெட்டிக்குள் எலி செத்துக் கிடந்தது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஏசுதாசன் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இதுதான் மாதிரி வண்டி" என்றார் குற்றாலீஸ்வரன். பஜ்ஜி தின்ற விரல்களைச் சிவசைலத்தின் கோப்பிலேயே துடைத்தார். மாடன் என்ற பெயருக்கு மேல் எண்ணெய் படர்ந்தது. "நல்லாப் பாத்துக்கிடுங்க ஏட்டு. மூணு வருஷமா இங்கன நிக்கி. ஒரு கிலோமீட்டர் ஓடல. ஒரு பஞ்சர் இல்ல. ஒரு விபத்து இல்ல. பிரேக் தேயல. ஏன்? இயல்பு நிலையில இருக்கு. ஆய்வு பண்ணிப் பாத்ததுல வண்டி கெட்டுப்போறதுக்கு ஒரே காரணம் அதை ஓட்டுறதுதான்னு தெரிஞ்சிருக்கு. இந்த மாவட்டத்துல இருக்கிற ஒவ்வொரு வண்டியும் இது மாதிரி ஆகணும். அதுதான் எங்க லட்சியம்."

"சார் இதுல ஏறியிருக்கியளா?" என்று ஏசுதாசன் கேட்டார்.

"பேட்டரி வண்டியில நான் ஏறுனதே இல்ல. ஏறுனா நடுநிலை போயிரும்."

ஷாரோன் சிவசைலத்தின் வண்டியில் பேட்டரியை மாட்டி ஒரு மீட்டரைச் செருகினார். பார்த்தார். மறுபடியும் செருகிப் பார்த்தார். முகம் மாறியது.

"சார், பேட்டரி தொண்ணூத்தொரு சதவீதம் இருக்கு."

"எத்தனை வருஷத்து வண்டி?"

"ரெண்டு வருஷம் சார். நம்ம அட்டவணைப்படி அறுபது சதவீதத்துக்கு வந்திருக்கணும்."

குற்றாலீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன பண்ணுனீங்க ஏட்டு?"

"துடைச்சேன். ஆறுன பொறவு சார்ஜ் போட்டேன். மூட்டுல வாசலின் போட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"என் வண்டி."

"வண்டி உங்களுது. தேய்மானம் உங்களுது இல்ல. வருஷத்துக்கு இருபது சதவீதம் தேயும்னு மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கோம். அதை நம்பி எத்தனையோ பேர் திட்டம் போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர் தேய விடமாட்டேன்னா எப்படி? முஹ்ஸினா, எழுதுங்க. இயல்பான தேய்மானத்தைத் தடுத்தது."

முஹ்ஸினா தட்டினார்.

"இது என்ன தொங்குது?"

"டியூப். சாரல் தண்ணி கன்ட்ரோலர்ல அடிக்காம."

"அடிச்சா?"

"வண்டி நின்னுரும்."

"நிக்காதுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற வண்டின்னு. நீங்க டியூபைக் கட்டுனா என்ன அர்த்தம்? வண்டி மேல நம்பிக்கை இல்லன்னு ரோட்டுல போற வாரவன்ட்டயெல்லாம் சொல்லுதீங்க. எழுதுங்க. ஊர்தியை அவதூறு செய்தது."

"அப்போ மழையில வண்டி நின்னா நனைஞ்சிக்கிட்டே உருட்டிட்டுப் போவணுமா சார்?" என்றார் ஏசுதாசன்.

"இணைப்பு ரெண்டு பேசக் கூடாது."

சிவசைலம் விறைப்பாகவே நின்றார். கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது. காக்கி போட்ட காலத்தில் மலம் நிறைந்த லாக்கப் அறைகளைத் திறந்திருக்கிறார். ஆற்றில் மூன்று நாள் கிடந்த பிணத்தைத் தூக்கியிருக்கிறார். அவையெல்லாம் கழுவினால் போயின. இந்த அறையை எதைக்கொண்டு கழுவுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என் தகப்பன் பேரைப் பலகையில இருந்து எடுக்கணும். அதுக்குத்தான் வந்தேன்" என்றார்.

"எடுக்கலாம். எல்லாத்துக்கும் முறை இருக்கு. முதல்ல ஹேண்டில். விதிப்படி மாதிரி வண்டியோட ஒப்பிடணும். ஷாரோன், தரையிலேர்ந்து அளங்க."

ஷாரோன் நாடாவைப் பிடித்தார். சிவசைலத்தின் வண்டி நூற்றுப்பத்து. பிறகு பீடத்திலிருந்த வண்டியை அளந்தார். தரையிலிருந்து நூற்றுப்பத்து. நாடாவைத் திருப்பிப் பிடித்து இன்னொரு முறை அளந்தார். நூற்றுப்பத்துதான்.

"சார், ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு. ஆனா இது பீடத்து மேல நிக்கி. பீடம் எட்டு சென்டிமீட்டர். அதைக் கழிச்சா..."

"எதுக்குக் கழிக்கணும்?" குற்றாலீஸ்வரனின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஒப்படைப்புச் சீட்டை எடுத்துப் பாருங்கம்மா. 'மாதிரி வண்டி ஒன்று, பீடத்துடன்.' பீடம் வண்டியில ஓர் அங்கம். பீடத்தைக் கழிக்கிறது சக்கரத்தைக் கழிக்கிற மாதிரி."

"அப்போ ரோட்டுல ஓடுத மத்த வண்டியெல்லாம் சார்?" என்றார் ஷாரோன்.

"எட்டு சென்டிமீட்டர் குறைவா ஓடிக்கிட்டிருக்கு. அடுத்த முகாம்ல பாத்துக்கலாம்." அவர் சிவசைலத்தின் பக்கம் திரும்பிச் சிரித்தார். பல்லிடுக்கில் வெங்காயம். "வாழ்த்துகள் ஏட்டு. உங்க வண்டி அசல். ஒரு காகிதத்துல கையெழுத்துப் போடுங்க, பேரை எடுத்துருதோம். 'நான் ஹேண்டிலை உயர்த்தவில்லை.' அவ்வளவுதான்."

"நான் உயர்த்துனேன்."

"உயர்த்தலன்னு அளவு சொல்லுதே."

"அளவு என்னத்தையும் சொல்லட்டும். நாலு விரற்கடை உயர்த்துனேன். இந்தா நிக்காரு, உயர்த்துன ஆளு. பொய்யில கையெழுத்துப் போட்டுப் பேரை எடுக்கதுக்கு, அந்தப் பேரு அங்கனயே கிடக்கலாம்."

ஏசுதாசன் மெல்ல, "ஏட்டையா, வெள்ளிக்கிழமை கொடைல்லா. ஒரு வரிதான" என்றார்.

"எங்கப்பா கட்டுப்பாட்டுல ஒரு வரிதான் இருக்கு ஏசுதாசா."

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. மாதிரி வண்டியைக் கடைசியாக ஒருமுறை அளந்துவிடலாம் என்று ஷாரோன் அதன் ஹேண்டிலைப் பிடித்தார். மூன்று வருடம் யாரும் தொடாத போல்ட் துருவேறி இற்றுப்போயிருந்தது. 'டக்'கென்று கழன்று விழுந்து, உருண்டு, குற்றாலீஸ்வரனின் மேசைக்கு அடியில் போய், அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் நின்றது. மாதிரி வண்டியின் ஹேண்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.



"எடுங்கம்மா" என்றார் குற்றாலீஸ்வரன்.

"கீழ விழுந்ததை எடுக்கது அலுவலக உதவியாளர் வேலை சார்" என்றார் ஷாரோன். "அந்த இடம் திறப்பு விழாவுல இருந்தே காலியா இருக்கு. நான் எடுத்தா நாளைக்கு என்னைய அந்த இடத்துல காட்டிருவாங்க."

முஹ்ஸினா கணினியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. குற்றாலீஸ்வரன் தன் பதவியை ஒருமுறை நினைத்துப் பார்த்தார். குனியவில்லை. ஏசுதாசன் துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

"ஏசுதாசா, நில்லும்" என்றார் சிவசைலம்.

குற்றாலீஸ்வரனுக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டு, கால்களைச் சற்று நீட்டினார். "இங்க பாருங்க ஏட்டு. பெரிய மனுஷன், உங்களைச் சங்கடப்படுத்த எனக்கு விருப்பம் இல்ல. கையெழுத்துகூட வேண்டாம். அந்த போல்ட்டை எடுத்து மேசையில வைங்க. ஒரு ஒத்துழைப்புத்தான். இப்பவே பேரை எடுத்துரச் சொல்லுதேன்."

ஐந்து பேருக்கும் அது என்ன என்று தெரிந்தது. மேசை தாழ்வானது. போல்ட்டை எடுக்க வேண்டுமானால் முழங்காலை மடக்கி, தலையை மேசைக்கு அடியில் விட்டு, ஷூவுக்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்ட வேண்டும். ஷூ தயாராக இருந்தது.

சிவசைலம் அந்த ஷூவைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பஜ்ஜித் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. பிறகு நேரே சுவரைப் பார்த்தார்.

"அது என் வண்டி போல்ட் இல்ல" என்றார்.

கடிகாரம் நாலே முக்கால் காட்டியது. முஹ்ஸினா தொண்டையைச் செருமினார். "சார், விசாரணை இன்னைக்கு முடியலன்னா அஞ்சு மணிக்குள்ள மாதிரி வண்டி போட்டோவை மேலிடத்துக்கு ஏத்தணும். தள்ளிவைக்கித ஒவ்வொரு தடவையும் ஏத்தணும்." அவர் தலையைத் திருப்பி, சாய்ந்து நின்ற ஹேண்டிலைப் பார்த்தார். "இப்படியே எடுத்து ஏத்தவா சார்?"

குற்றாலீஸ்வரனின் கால்கள் நாற்காலிக்கு அடியில் போயின. மாதிரி வண்டிக்குச் சேதம் வந்தால், அதைக் காவல் காத்த அதிகாரியின் பெயர் எந்தப் பலகையில் ஏறும் என்று அவரே எழுதிய விதி இருந்தது.

"விசாரணை முடிஞ்சுட்டு" என்றார். "ஆணை எழுதுங்க."

அவர் சொல்லச் சொல்ல முஹ்ஸினா தட்டினார். ஆணை இதுதான்:

'மனுதாரர் வண்டி மாதிரி வண்டியோடு ஒத்த உயரத்தில் இருப்பதால் இயல்பு நிலையில் உள்ளது. உயர்த்தியதாக இணைப்பு ஒன்று சொல்வதை அலுவலகம் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை. இணைப்பு ஒன்று நேரில் பார்வையிடப்பட்டார். அவர் வளையாதவர். இது திருத்த முடியாத பிறவிக் குறை என்று கருதப்படுகிறது. அவரிடம் உள்ள பொருள்கள் தேய மறுப்பதற்கும் இதுவே காரணமாகலாம். ஊர்தியின் மீது குற்றமில்லை. பெயர் பலகையிலிருந்து நீக்கப்படுகிறது.'

சிவசைலம் ஆணையை இரண்டு முறை படித்தார். பொய் எதுவும் இருக்கிறதா என்று பார்த்தார். 'குறை' என்ற சொல்லில் சற்று நின்றார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

படியில் இறங்கும்போது ஏசுதாசன், "ஏட்டையா, அந்த ஹேண்டிலை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"இன்னொரு மாலை போட்டு இழுத்துக் கட்டுவான்."

அப்படித்தான் கட்டினார்கள்.

வியாழக்கிழமை காலையில் முஹ்ஸினா ஈரத்துணியோடு பஸ் நிலையத்துக்கு எதிரே போய், பெயரைத் துடைத்து, புகைப்படத்தை உரித்தார். முதலில் துடைத்தது த/பெ மாடன் என்பதை. வெள்ளிக்கிழமை வடகரையில் கொடை நடந்தது. பூசாரி குள்ளமானவர். சிவசைலத்தின் தலையில் பட்டுத்துணியைக் கட்ட எப்போதும் போல ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். ரத்தினம் புதுத்துணியை மடியில் செருகிக்கொண்டு மூன்றாவது வரிசையில் நின்றார்.

ஆவணி பிறப்பதற்குள் சுரண்டையிலும் கடையத்திலும் ஒரு பேச்சு பரவியது. மாடன் மகன் சிவசைலம் அந்த அலுவலகத்தில் மேசைக்கு அடியில் குனிந்து, அதிகாரி காலடியில் கிடந்த போல்ட்டை எடுத்துக் கொடுத்துத்தான் பெயரை எடுத்தார் என்று. அவர் ஷூவைத் தொட்டதாகவும் சிலர் சேர்த்துக்கொண்டார்கள்.

அது உண்மையில்லை. போல்ட் இன்னும் அந்த மேசைக்கு அடியில்தான் கிடக்கிறது.